முகத்துக்கு மச்சான் ஊர் போட்ட மார்க்

வத்துலோலோமா,
சனிக்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் கொஞ்சமும் தகுதியில்லாத, தவளை வாய் கொண்ட என் மச்சான் வெரெனிகிக்கு, எமோசி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் நலம். இந்தக் கரையில் அதை நம்புகிற ஒரே ஆள் நான்தான். நீயும் தலைநகர் சூவாவில் உன் சொட்டைத் தலையோடும் தொந்தியோடும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இல்லையென்றாலும் ஊருக்கு நஷ்டமில்லை. உன் அம்மா, என் சலனியேத்தா அத்தை, நலம். அவர் நாக்கு அவரைவிட நலம். புயலில் விழுந்த செல்போன் கோபுரத்தை இன்னும் எவனும் வந்து நிமிர்த்தவில்லை. அதனால்தான் உன்னைத் திட்டுவதற்குக்கூட நான் பேனா பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

விஷயம் இதுதான். உங்கள் வைசிரி ஊர்க்காரர்கள் என்னைக் கொன்றுவிட்டார்கள். பிணமாக உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் பிரிஜிட் என்று ஒரு அம்மா வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். முக அழகுக்கும் உடல் ஆரோக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்பது அவர் ஆராய்ச்சி. அழகான முகம் என்பது ‘இந்த உடம்பில் நோய் இல்லை’ என்று வாசலில் மாட்டிய போர்டு மாதிரியாம்; மனிதன் ஜோடி தேடும்போது தன்னை அறியாமல் அந்தப் போர்டைத்தான் படிக்கிறானாம். எங்கள் ஊர் ஆண்களை ஒவ்வொருவராக வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்காரவைத்து, தலைமுடியை ரப்பர் பட்டையால் பின்னுக்குத் தள்ளி, சிரிக்காதே, முறைக்காதே, மூச்சுவிடாதே என்று சொல்லிப் படம் எடுத்தார். குழாயில் எச்சில் துப்பச் சொன்னார். துப்பினோம். எவன் நெஞ்சிலும் காதை வைக்கவில்லை, அது வேறு டாக்டர் வேலை போலிருக்கிறது. அந்தக் கேமரா விலைக்கு எங்கள் சுகாதார நிலையத்துக்குக் கூரையே போட்டிருக்கலாம். நான் படம் எடுத்துக்கொண்டது, வாரக்கணக்காகக் கவா வேர்ச்சாறு குடித்துத் தோல் மீன் செதில் மாதிரி உரிந்துகொண்டிருந்த மதியம். அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குற்றம் அங்கே இல்லை.

இந்த முகங்களுக்கு மார்க் போட, எங்களோடு கொடுக்கல் வாங்கலோ கல்யாண உறவோ இல்லாத ஓர் ஊர் வேண்டும் என்றார் அந்த அம்மா. வரைபடத்தை விரித்தார். வளைகுடாவுக்கு எதிர்க்கரையில், எங்களிடமிருந்து நேர்ப் பாதையே இல்லாத இடத்தில், உங்கள் ஊர் இருந்தது. அதிலேயே விரலை வைத்துவிட்டார். வத்துலோலோமாவும் வைசிரியும் கடவுள் கடலுக்கு உப்புப் போட்ட நாளிலிருந்து மச்சான் முறை, எங்களைப் பார்த்தால் நீங்களும் உங்களைப் பார்த்தால் நாங்களும் வாய் வலிக்கிறவரை கேவலப்படுத்தியே ஆக வேண்டும், கோபப்பட்டவன் பன்றி கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. கடலில் இறங்குகிறவனிடம் தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று யாராவது எச்சரிப்பார்களா?

படகு ஓட்டிப்போனவன் நான். உங்கள் தேவாலயக் கூடத்துக்குள் என்னை விடவில்லை, ஆராய்ச்சி கெட்டுவிடுமாம். சன்னலுக்கு வெளியே தேங்காய் மட்டைக் குவியல் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். உள்ளே பெரியவர்களும் பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், முன்வரிசையில் உன் அம்மா. டாக்டர் ஆங்கிலத்தில் ஒன்று முதல் பத்துக்குள் மார்க் கேட்பார். உங்கள் ஆட்கள் ஆங்கிலத்தில் எண்ணைச் சொல்லிவிட்டு, மீதியை நம் பாஷையில் பேசிக்கொள்வார்கள். முதலில் எங்கள் ஊர்த்தலைவர் படம் வந்தது.

“ஐயோ, இத எதுக்கும்மா காட்டுற? எங்க ஊர்ல கர்ப்பமான பொம்பளைங்க இருக்காங்க!”

“அழகுக்கு எத்தனை?” என்றார் டாக்டர்.

“ஒண்ணுக்குக் கீழ எதாச்சும் வச்சிருக்காளான்னு கேளுங்க.”

“ஆரோக்கியத்துக்கு?”

“இவன் போன வருசமே செத்துட்டான். பொதைக்கச் சோம்பப்பட்டு நடமாட விட்டிருக்கானுங்க.”

ஒன்று. ஒன்று. ஒன்று. கூடமே ஒரே குரலில் சொன்னது. அடுத்த படம், ஒன்று. அதற்கடுத்தது, ஒன்று. சிரித்துச் சிரித்து ஒரு கிழவர் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டாக்டர் மட்டும் சிரிக்காமல் குறித்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு என்பது பதற்றத்தின் அடையாளம் என்று திரும்பி வரும்போது எனக்கே விளக்கினார்.

பிறகு என் படம். உன் அம்மா எழுந்து சன்னலுக்கு வந்து என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது நம்ம எமோசிப் பயல்தானே? படத்துல தேவலாம்டி. நேர்ல வாசனையும் சேந்து வருது.”

“ஈரல் இருக்குமா இவனுக்கு?” என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி.

“ஈரலா? அத நாய் தூக்கிட்டுப் போயி, அந்த நாயும் செத்துப்போச்சு.”

நானும் சிரித்தேன், மச்சான். சிரிக்காமல் என்ன செய்வது? நன்றாகத்தான் இருந்தது. டாக்டர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, இப்படி ஓர் ஒருமித்த தீர்ப்பை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று கண் விரிந்து சொன்னார்.

ஆனால் ஒருவனை மட்டும் விட்டுவிட்டீர்கள். கிதியோனே. என் பெரியப்பா மகன். ரக்பியில் ஓரத்தில் ஓடுகிறவன், ஹோட்டலில் வரவேற்புப் பாட்டுப் பாடுகிறவன், கண்ணாடி பார்க்கத் தேவையே இல்லாதவன். அவன் படம் வந்ததும் கூடம் அமைதியாகிவிட்டது. பல்செட் கிழவர் கூரையைப் பார்த்தார். உன் அம்மா, யாரையும் விடாத உன் அம்மா, மெதுவாக, தேவாலயக் குரலில் சொன்னார்: “நல்ல பிள்ளை. ரெண்டுக்கும் முழு மார்க் போடும்மா.” எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒரு கேலி இல்லை, ஒரு இருமல் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. மச்சான் முறைகூட அழகைப் பார்த்தால் வாலைச் சுருட்டிக்கொள்ளுமா?

அடுத்த வாரம் எங்கள் ஊர்க் கூடத்தில் நன்றிக் கூட்டம். எங்கள் பெயர்களை ரகசியமாக வைத்திருப்பதாக அறிவித்துவிட்டு, டாக்டர் எங்கள் முகங்களைத் திரையில் பெரிதாகப் போட்டார். மேலே தனியாகக் கிதியோனே. கீழே தரையில் இடித்துக்கொண்டு நான். என்னைச் சுற்றி ஊரே குப்பையாகக் கிடந்தது. எச்சில் முடிவு வர ஒரு வருடம் ஆகுமாம், முக முடிவு மட்டும் இப்போதே தயார். அந்தக் கூட்டத்துக்கு அன்றைக்கென்று பார்த்து வந்து உட்கார்ந்திருந்தவன் லாக்லன், ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்ட். எங்கள் ஊரிலிருந்து நாலு பேரை ஊர்ப் பெரியவர்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள், நானும் கிதியோனேயும் அதில் உண்டு. புயலுக்குப் பிறகு என் அம்மாவும் தங்கைகளும் இன்னும் நீலத் தார்ப்பாய்க்குக் கீழேதான் படுக்கிறார்கள். நான் அந்த மரங்களில் ஏறினால்தான் எங்கள் வீட்டில் தகரம் ஏறும். இதெல்லாம் உனக்குத் தெரியும்.

லாக்லன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் தோளில் கை வைத்தான்.

“தப்பா எடுத்துக்காதப்பா. நாள் பூரா வெயில்ல நிக்கிற வேலை. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே மயக்கம் வருது.”

“நான் ஹோட்டல்ல கேஸ் சிலிண்டர் தூக்குறவன் சார். பாட்டுப் பாடுறவன் இல்ல.”

“படிச்சவங்க ஆராய்ச்சி பண்ணிச் சொல்றாங்க. நான் என்ன பண்றது?”

கிதியோனேயை மட்டும் எடுத்துக்கொண்டான். மீதி ஆட்களை வேறு தீவில் பிடித்துக்கொள்கிறானாம். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், மச்சான். இவன் அதைக்கூடச் செய்யவில்லை.

அவனுக்கு என் பலத்தைக் காட்டிவிட வேண்டும் என்று, மறுநாள் அவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வராந்தாவுக்கு எதிரே, இரண்டு ஆள் தூக்குகிற கிழங்கு மூட்டையைத் தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடினேன். முதல் தடவை அவன் கவனிக்கவில்லை. இறங்கி வந்து மறுபடி ஓடினேன். இந்தத் தடவை கவனித்தான். அந்த நேரம் பார்த்து மழைச் சேறு காலை வாரியது, மூட்டை முன்னால் போக நான் அதன் பின்னாலேயே போய்ப் போதகர் வீட்டுப் பன்றிப் பட்டியில் முகம் குப்புற விழுந்தேன். எழுந்தபோது ஒரு கண் மூடிக்கொண்டது, உதடு இரண்டாகியிருந்தது. லாக்லன் ஓடிவந்து எனக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து, “நான்தான் சொன்னேனே” என்றான்.

அதற்குப் பிறகு என்னை யாரும் உயிரோடு விடுவதாக இல்லை. தேவாலயப் பெண்கள் சூப் கொண்டுவந்து, குடிக்கக் குடிக்கக் கண் கலங்கிப் பார்க்கிறார்கள். போதகர் ஞாயிறு ஜெபத்தில் என் பெயரை நோயாளிகளோடு சேர்த்தார். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினார். எனக்குப் பேசி முடித்த உனாய்சியின் அப்பா, இவ்வளவு நாள் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டவர், “தம்பி, ஒடம்பப் பாத்துக்கப்பா, கல்யாணத்துக்கு என்ன அவசரம்” என்கிறார். உனாய்சி மட்டும்தான் அசையவில்லை. “ஒன் மூஞ்சியப் பாத்தா நான் சரின்னு சொன்னேன்? அதப் பாக்காமதான் சொன்னேன்” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். சரி, நான் ஆரோக்கியமாக இருக்கிறேன் என்று நிரூபிக்கலாமே என்று சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸ் ரத்த அழுத்த மெஷினை எடுத்தார், தட்டினார், மூடி வைத்தார்.

“பேட்டரி இல்ல எமோசி. சூவாவுல கேட்டிருக்கோம்.”

“அப்ப எனக்கு ஒண்ணுமில்லன்னு எப்படிக்கா சொல்வீங்க?”

“மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லணும்,” என்றார். பார்த்தார். “இப்போதைக்கு ஒண்ணும் சொல்லாம இருக்கிறது நல்லது.”

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற அலுவலகத்தில் நீ வண்டி ஓட்டுகிறாய். உன் அதிகாரியைக் காலையில் ஏற்றிப்போகும்போது சொல்: வைசிரி ஊரே பொய் சொன்னது, அது எங்கள் முறை, எமோசி ஒரு காளை. கிதியோனே பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொல். அவனுக்கென்ன? ஹோட்டலில் அவன் முன்வாசலில் பூமாலையோடு நிற்கிறான், நான் பின்வாசலில் சிலிண்டரோடு நிற்கிறேன். விருந்தாளிகள் அவனோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். என்னைப் பார்த்தால் பையை இறுக்கிப் பிடிக்கிறார்கள். இப்போதெல்லாம் பாட்டு முடிந்ததும் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறான், மேனேஜர் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவனுக்கு மூச்சு வாங்குவதுகூட அழகாக இருக்கிறதாம். நான் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் சம்பளத்தில் கை வைக்கிறார்கள். அந்த முகம் இருக்கிறவரை அவனுக்கு எங்கேயும் சோறு உண்டு. எனக்கு இருப்பது முதுகு மட்டும்தான். அதற்கும் உங்கள் ஊர் ஒரு மார்க் போட்டுவிட்டது. ஒரு மச்சான் வாயால் கெடுத்ததை இன்னொரு மச்சான் வாயால்தான் சரிசெய்ய வேண்டும். மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை கிடையாது, தெரியுமல்லவா?

உன்னைக் கட்டிக்கொண்ட அந்த நல்ல பெண்ணுக்கு என் அனுதாபங்கள். பிள்ளைகளுக்கு முத்தம், அவர்கள் அம்மா ஜாடையாகவே வளரட்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். ஆண்டவர் உனக்கும் கண் திறக்கட்டும், வேறு வேலை இல்லாத நேரத்தில்.

இப்படிக்கு,
இறந்தும் உன்னைவிட அழகான,
எமோசி

பின்குறிப்பு: மேலே எழுதியதை யாரிடமும் காட்டாதே. கிழித்துப் போடு. மறுபடி எழுத நேரமில்லை, இதை எடுத்துப்போகும் படகு இப்போது கிளம்புகிறது.

நேற்று இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, உன் அம்மா வழியாக அனுப்பலாம் என்று எதிர்க்கரைக்குப் போனேன். போன வேகத்தில் கேட்டேன்: “ஏன் அத்தை, எங்க எல்லாருக்கும் ஒண்ணு, கிதியோனேக்கு மட்டும் முழு மார்க்கா? அவன் என்ன மீன் குடுத்தானா?” அத்தை பாய் முடைந்துகொண்டிருந்தார். வழக்கமாக என் தலைமுடியிலிருந்து ஆரம்பிப்பார். இப்போது ஆரம்பிக்கவில்லை.

“நாங்க யாரைடா கேலி பண்ண மாட்டோம்?”

மச்சான், இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாகக் கிடக்கிறவனைக் கேலி செய்வதில்லை. என் வயிற்றெரிச்சலில் அது எனக்கு உறைக்கவே இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின ரக்பி ஆட்டம் முடிந்து, எங்கள் ஆட்கள் கண்ணில் படாமல், கிதியோனே உங்கள் மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் விழுந்துவிட்டானாம். உங்கள் ஆட்கள்தான் தூக்கிக் கிடத்தி, தண்ணீர் தெளித்து, மூச்சு வருகிறவரை நெஞ்சைத் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது, ஆரஞ்சு வேலை போய்விடும் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கேட்டுக்கொண்டானாம். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைத் தின்றுவிட்டது. டவுன் கிளினிக்கில் மாதம் ஒரு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டுதான் இருந்தான். போன வருடம் ஊசி குறைவாக வந்தபோது, அங்கே புதிதாக வந்திருந்த ஆள், “பாக்க ராஜா மாதிரி இருக்க, இருக்கிற ஊசி நோயாளிங்களுக்கு வேணும்” என்று திருப்பி அனுப்பிவிட்டான். இவன் திரும்பி வந்து பாட்டுப் பாடப் போய்விட்டான். அதற்குப் பிறகு போகவேயில்லை. கன்னம் ஒட்டி எலும்பு எழும்பியதைத்தான் அந்த டாக்டர் அம்மா அழகு என்று திரையில் போட்டார். நாமும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்?

திரும்பி வந்து நேராக அவன் வீட்டுக்குப் போனேன். தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“அண்ணா, சூவா ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்.”

“நீ செத்துடுவ அண்ணா.”

“தெரியும்டா,” என்றான். “அவங்க எனக்கு முழு மார்க் போட்டாங்கன்னு நீ வந்து சொன்ன பாரு, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. வைசிரிக்காரங்க என்னத் திட்டி எத்தன மாசம் ஆச்சு தெரியுமா? கடைத்தெருவுல பாத்தா வழி விடுறாங்க. குட் மார்னிங் சொல்றாங்க. அவ்வளவுதான்டா முடிஞ்சுபோச்சு. போறதுக்குள்ள அம்மாவுக்கு ஒரு கூரை போட்டுட்டுப் போறேன்.”

அவனும் தார்ப்பாய்க்குக் கீழேதான் இருக்கிறான், மச்சான். மேலே எழுதும்போது அதை நான் எழுதவில்லை.

அவனைத் திட்டிப் பார்த்தேன். “உன் மூஞ்சி...” என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் வரவில்லை. அண்ணன் தம்பிக்குள் கேலி கிடையாது. அது மச்சான்களுக்குத்தான். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

வால்வை மாற்றலாமாம். அதற்கு வெளிநாட்டிலிருந்து டாக்டர்கள் வருகிற நாட்கள் உண்டாம், முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டுமாம். எங்கள் நர்ஸ் சொன்னார், கிதியோனே சூவாவுக்கு வந்தால் மட்டும் போதுமாம், ஆஸ்பத்திரியோடு மீதியை அவரே பேசிக்கொள்வாராம். ஆகவே ஆரஞ்சுப் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுக்கச் சொல். என் பெயரைப் போடச் சொல்லாதே. போட்டால், நான்தான் அவனை இறக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் படுத்திருப்பான். எங்கள் தகரத்தை வேறு வழியில் பார்த்துக்கொள்கிறேன்.

அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக அலுவலக வண்டியோ, உன் மாமனார் வண்டியோ, எதையாவது எடுத்துக்கொண்டு வா. உங்கள் ஊருக்குள் நுழைந்து பல்செட் கிழவரையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு வளைகுடாவைச் சுற்றி இங்கே வா. ஒருவரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரக் கூடாது, கையில் பூ கூடாது, ஜெபம் கூடாது. நீ இறங்கிய உடனே அவன் முகத்தைப் பார்த்து, உன் வாயில் இருக்கிறதிலேயே கேவலமானதைச் சொல். ஒன்றுக்கெல்லாம் அவன் மசிய மாட்டான். விடாதே, இன்னொன்று சொல். அவன் உன் சொட்டைத் தலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டால், உடனே வண்டிக் கதவைத் திற.